முதலில் காட்டிய எண்

பினாங்கின் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் எனக்குக் கேலிப்ரேஷன் வேலை, அதாவது கருவிகள் சரியாக அளக்கின்றனவா என்று சோதித்துச் சரிசெய்வது. தெர்மாமீட்டர், ஓவன், பிரஷர் கேஜ் எது வந்தாலும் சான்றிதழில் இரண்டு எண்கள் எழுதுவோம். வந்த நிலையில் சோதித்தபோது கிடைத்த அளவு ‘ஆஸ் ஃபவுண்ட்’. சரிசெய்த பிறகு கிடைப்பது ‘ஆஸ் லெஃப்ட்’. இரண்டாவது எண் எல்லோருக்கும் பிடிக்கும். வம்பெல்லாம் முதல் எண்ணில்தான்.

மின்னணுச் சிப்களைப் பதப்படுத்தும் ஓவன் ஒன்று 175 டிகிரி என்று காட்டுகிறது. துல்லியம் உறுதியான எங்கள் ரெஃபரன்ஸ் புரோபை உள்ளே வைத்து, கதவை மூடி, எண் ஆடாமல் நிற்கும்வரை காத்திருந்து பார்த்தால் 178. அனுமதித்த பிழை 2 டிகிரிதான். சரிசெய்வது பெரிய விஷயமில்லை, ஆஃப்செட்டை மாற்றினால் முடிந்தது. ஆனால் 178 என்று தாளில் ஏறிவிட்டால், போன கேலிப்ரேஷனுக்குப் பிறகு அந்த ஓவனுக்குள் போய்வந்த சரக்கு அத்தனைக்கும் வாடிக்கையாளர் பதில் சொல்லியாக வேண்டும். நான் முன்பு இருந்த இடத்தில் மேலாளர் ஒருவர், “முதல் எண்ணையும் 175-ன்னே போட்டுடுங்க, யாருக்குத் தெரியப் போகுது” என்றார். எங்கள் சீனியர் பேனாவை மேசைமேல் வைத்துவிட்டு, “அப்ப நீங்களே கையெழுத்துப் போடுங்க பாஸ்” என்றார். மேலாளர் போடவில்லை. சான்றிதழ் 178 என்றே போனது.

இப்போது இருக்கும் இடத்தில், தரக்கட்டுப்பாட்டுப் பிரிவு அண்ணன் ஒருவருக்குப் பருவநிலை விஞ்ஞானத்தில் நம்பிக்கை கிடையாது. விவரம் தெரியாதவர் என்று அவரை ஒதுக்க முடியாது. சந்தேகப்படுவதற்குத்தான் அவருக்குச் சம்பளமே. மாமாக் உணவுக்கடையில் தே தாரிக் (ஆற்றிய டீ) வருவதற்குள் ஆரம்பித்துவிடுவார்: “பழைய வெப்பநிலைக் கணக்கையெல்லாம் மாத்தி எழுதுறாங்க தம்பி. அளந்த எண்ணை மாத்துறவன் யோக்கியனா?”

அவர் சந்தேகத்துக்கு உள்ளூர்க் காரணமும் உண்டு. 1997 புகைமூட்டத்துக்குப் பிறகு காற்றுத் தூய்மைக் குறியீட்டு எண்ணைப் மலேசிய அரசு பல வருடங்கள் பொதுமக்களுக்கு வெளியிடாமல் வைத்திருந்தது. 2005 ஆகஸ்டில் புகை மறுபடி கழுத்தை நெரித்தபோதுதான் எண்கள் வெளியே வந்தன. அதைப் பார்த்த தலைமுறை எந்த எண்ணையும் லேசில் நம்பாது.

நான் அவரிடம் வாளிக் கதையைச் சொன்னேன். அந்தக் காலத்தில் கப்பலிலிருந்து கயிற்றில் கான்வாஸ் வாளியை இறக்கிக் கடல்நீரை மொண்டு, அதில் தெர்மாமீட்டரை வைத்துப் பார்ப்பார்கள். ஈரக் கான்வாஸில் காற்று பட்டால் நீர் ஆவியாகிக் குளிர்ந்துவிடும், அதனால் எண் குறைவாக வரும். பிற்பாடு எஞ்சினைக் குளிர்விக்க உள்ளே இழுக்கும் நீரில் அளந்தார்கள். எஞ்சின் அறைச் சூட்டில் அது கொஞ்சம் கூடுதலாகக் காட்டும். இரண்டையும் அப்படியே ஒட்டினால் கடல் உண்மையில் சூடானதைவிட அதிகம் சூடானதாகத் தெரியும். ஆகவே வாளி அளவுகளைத் திருத்தும்போது பழைய எண்கள் ஏறுகின்றன. உலகக் கணக்கை மொத்தமாகப் பார்த்தால், இந்தத் திருத்தங்கள் நூற்றாண்டு வெப்ப உயர்வைக் கூட்டவில்லை, குறைத்தே காட்டுகின்றன. ஏமாற்ற நினைப்பவன் இந்தத் திசையில் ஏமாற்ற மாட்டான்.

அமெரிக்க நிலப்பகுதிக் கணக்கில் திருத்தம் எதிர்ப்பக்கம் போகிறது, அதையும் மறைக்காமல் சொன்னேன். அங்கே பல நிலையங்களில் தெர்மாமீட்டரைப் பார்க்கும் நேரம் மாலையிலிருந்து காலைக்கு மாறியது. மாலையில் பார்த்து ரீசெட் செய்தால், அந்த வெயிலின் மிச்சச் சூடே மறுநாளின் அதிகபட்சமாகவும் பதிவாகிவிடலாம். ஆகவே திருத்தும்போது அந்தப் பழைய எண்கள் இறங்குகின்றன. அண்ணன் இதை உடனே பிடித்துக்கொண்டார். ஷிஃப்ட் மாறும் நேரத்தில் ஒரே ரீடிங் இரண்டு ஷிஃப்டிலும் ஏறுவதை அவர் பார்க்காததா?

“சரி, அசல் எண் எங்கே?” என்று கேட்டார். கேட்க வேண்டிய கேள்வியும் அதுதான். அமெரிக்காவின் கடல், வளிமண்டல ஆய்வு அமைப்பான நோவா, திருத்தாத பதிவையும் திருத்திய பதிவையும் சேர்த்தே யாரும் எடுத்துப் பார்க்கும்படி வைத்திருக்கிறது. ஆஸ் ஃபவுண்ட், ஆஸ் லெஃப்ட். இவர்களை நம்பாத இயற்பியலாளர் ரிச்சர்ட் முல்லர், பெர்க்லியில் குழு சேர்த்து எல்லாவற்றையும் முதலிலிருந்து கணக்கிட்டார். வந்த கோடு ஏறக்குறைய அதே கோடு. 2012-ல், வெப்ப உயர்வுக்குப் பெரும்பாலும் மனிதர்களே காரணம் என்று அவரே எழுதினார்.

எனக்கு இதைவிடப் பிடித்தது செயற்கைக்கோள் கதை. ஸ்பென்சர், கிறிஸ்டி என்ற அமெரிக்க விஞ்ஞானிகள் இருவரும் பருவநிலை ஆபத்து மிகைப்படுத்தப்படுகிறது என்று வாதிடுபவர்கள். அவர்களுடைய செயற்கைக்கோள் பதிவு, மேலே காற்று அதிகம் சூடாகவில்லை என்று வெகுநாள் காட்டியது. 1998-ல் வேறு இருவர், சுற்றுப்பாதை மெல்லக் கீழிறங்குவதைக் கணக்கில் சேர்க்கவில்லை என்று காட்டினார்கள். 2005-ல், பகல்-இரவு வேறுபாட்டைச் சரிசெய்ததில் இன்னொரு பிழை பிடிபட்டது. இருவரும் பிழையை ஒப்புக்கொண்டு கணக்கைத் திருத்தினார்கள். அவர்கள் முடிவுகளோடு எனக்கு உடன்பாடில்லை. ஆனாலும் இந்த விஷயத்தில் அவர்களை மதிக்கிறேன்.

அண்ணனும் விடவில்லை. 2009-ல் இங்கிலாந்தின் கிழக்கு ஆங்கிலியா பல்கலைக்கழகத்திலிருந்து கசிந்த, பருவநிலை விஞ்ஞானிகளின் மின்னஞ்சல்களை இழுத்தார். விசாரணைகளில் மோசடி எதுவும் நிரூபணமாகவில்லை, ஆனால் தரவைக் கேட்டவர்களுக்குக் கொடுக்காமல் இழுத்தடித்ததைக் கண்டித்தார்கள். அந்தக் கண்டனம் நியாயம். கேட்பவன் எரிச்சலூட்டுகிறவனாக இருந்தாலும் கொடுத்துவிட வேண்டியதுதான். ஆடிட்டர் மேல் உள்ள கடுப்பில் கோப்பை மறைத்தால் எங்கள் ஆய்வகமே அங்கீகாரத்தை இழக்கும்.

பருவநிலை விஞ்ஞானத்தை நம்பும் நம் பக்கத்து ஆட்களும் சும்மா இருப்பதில்லை. 2017 நவம்பரில் பினாங்கு வெள்ளத்தில் முங்கியதே, அந்தப் படத்தைப் போட்டு ‘பருவநிலை மாற்றத்தின் விளைவு’ என்று எங்கள் கேண்டீன் சுவரில் ஒரு போஸ்டர் ஒட்டினார்கள். சூடான காற்று அதிக ஈரத்தைத் தாங்கும், கனமழை கூடும் என்பது சரி. ஆனால் ஒரு குறிப்பிட்ட மழையில் அதன் பங்கு எவ்வளவு என்று தனியாகக் கணக்கிடாமல் அடித்துச் சொல்ல முடியாது. வெட்டிய மலைச்சரிவும் வடிகாலும் வேறு இருக்கின்றன. வாசகத்தை மாற்றும்படி எச்ஆருக்கு எழுதினேன். ‘விழிப்புணர்வுக்குத்தானே’ என்று பதில் வந்தது. அண்ணன் அந்தப் போஸ்டரைக் கைப்பேசியில் படம் பிடித்து வைத்திருக்கிறார். இப்போதெல்லாம் விவாதம் சூடுபிடித்தால் முதலில் அதைத்தான் எடுத்துக் காட்டுகிறார்.