ஆம்ப் உறுமல்

சிம்மக்கல் வீட்டு மாடியில் கிதார் சத்தத்தைப் பெருக்கும் என் பழைய வால்வ் ஆம்ப்பைப் போட்டால், கிதார் வயரைச் செருகாமலே ம்ம்ம்ம் என்று உறுமும். முதலில் எர்த்தைத்தான் திட்டினேன். வால்யூமைப் பூஜ்யத்துக்குக் குறைத்தும், கிதார் சிக்னல் போய்ச்சேரும் முதல் வால்வை (12ஏஎக்ஸ்7 என்ற கண்ணாடிக் குழாய்) பிடுங்கியும் சத்தம் அப்படியே இருந்தது, அப்போ சிக்னல் நுழையும் முன்பகுதியில் கோளாறு இல்லை. நம்மூர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், எர்த் தகராறு என்றால் பெரும்பாலும் அதே சுருதியில் உறுமும். ஏசியை டிசியாக்கும் ரெக்டிஃபையர் அந்த 50-ஐ இரட்டிப்பாக்கும்; டிசியைச் சீராக்கும் ஃபில்டர் கெப்பாசிட்டர் காய்ந்துபோனால் அது 100 ஹெர்ட்ஸாகக் கேட்கும். போனில் அளந்தேன், 100. டவுன்ஹால் ரோட்டில் கெப்பாசிட்டர் வாங்கி மாற்றினேன். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெப்பாசிட்டருக்குள் 400 வோல்ட் வரை தங்கியிருக்கலாம், அதனால் ரெசிஸ்டர் வைத்து அதை இறக்கி மீட்டர் பூஜ்யம் காட்டும்வரை கையே வைக்கவில்லை. உறுமல் போச்சு. இப்போது பென்சிலால் தட்டினால் அந்த முதல் வால்வ் டிங் என்று ஸ்பீக்கரில் பாடுகிறது, அதை அடுத்த சம்பளத்தில் பார்த்துக்கொள்கிறேன்.