0.00-ன்னா என்னங்க மாமா

ஜனவரி 3, 2025, வெள்ளி

அக்கா பையன் போன வாரம் ஈரோட்டில் ஒரு செஸ் போட்டிக்குப் போயிருந்தான். வெள்ளைக் காய் ஆடி, கிங்ஸ் இண்டியன் திறப்பில் (ஆட்டத்தின் ஆரம்ப நகர்த்தல் வரிசை) மேட் வாங்கிக்கொண்டு வந்தான். சாயங்காலம் அந்த ஆட்டத்தை இன்ஜினில், அதாவது செஸ் ஆடும் கணினி நிரலில், போட்டுப் பார்த்தோம், பதினைந்தாவது நகர்த்தல் வரைக்கும் வெள்ளைக்குக் கிட்டத்தட்ட ஒரு சிப்பாய் அளவு சாதகம் என்று காட்டுகிறது. "இத்தனை நல்லா இருந்தும் எப்படிங் மாமா தோத்தேன்" என்று கேட்கிறான். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை.

அதனால் இந்த மாதம் முழுக்க, மில்லில் கணக்கு முடித்து வந்த பிறகு ராத்திரி ஒரு மணி நேரம், வில்லங்கமான திறப்பு நிலைகளை இன்ஜின்களுக்குக் கொடுத்துப் பார்க்கப் போகிறேன். ஒன்று ஸ்டாக்ஃபிஷ் 17. இன்னொன்று பழைய ஸ்டாக்ஃபிஷ் 11, 2020 ஜனவரியில் வந்தது. நிலையை எடை போடும் விதிகளை மனிதர்களே கையால் எழுதிவைத்த கடைசிப் பெரிய பதிப்பு அதுதான். அதே வருடம் செப்டம்பரில் வந்த 12-இல் நரம்பு வலை (எடை போடுவதைத் தானே கற்றுக்கொள்ளும் அமைப்பு) சேர்ந்துவிட்டது. அந்த உத்தி செஸ்ஸுக்காகப் பிறந்ததும் இல்லை, ஜப்பானிய ஷோகி ஆட்டத்துக்காக யூ நாசு என்பவர் 2018-இல் செய்தது.

ஜனவரி 5, ஞாயிறு

காலையில் சந்தகை, அப்புறம் நேராகப் பொறிகள், திறப்பிலேயே எதிராளியைச் சிக்கவைப்பவை.

முதலில் யானைப் பொறி. ராணி காம்பிட் என்ற திறப்பில் கறுப்பின் குதிரை பின்-இல் (நகர்ந்தால் பின்னால் உள்ள ராணி போய்விடும்படி) நிற்கிறது என்று நம்பி வெள்ளை டி5 சிப்பாயை வெட்டும், கறுப்பு தன் ராணியையே விட்டுக்கொடுத்துக் குதிரையால் வெட்டும், வெள்ளை ராணியை எடுத்ததும் பிஷப் பி4-இல் செக் வைக்கும். குறுக்கே நிறுத்த வெள்ளைக்கு ராணி மட்டும்தான் இருக்கிறது. கணக்குத் தீர்த்தால் கறுப்புக்கு ஒரு காய் மிச்சம். நம் ஊரில் ரூக்கைத்தான் யானை என்போம், அதனால் பெயரைக் கேட்டதும் பையன் ரூக்கைத் தேடினான், இதில் அதற்கு வேலையே இல்லை.

அடுத்து லாஸ்கர் பொறி. ஆல்பின் எதிர் காம்பிட் என்ற திறப்பில் ஏழாவது நகர்த்தலிலேயே கறுப்புச் சிப்பாய் ஜி1-க்குப் போய், ராணியாக மாறாமல் குதிரையாக மாறிச் செக் வைக்கும். ராணியாக மாறினால் ஒன்றும் கிடைக்காது. குதிரையாக மாறினால், அதை யானையால் வெட்டியவுடன் பிஷப் ஜி4-இல் செக், ராஜா நகர்ந்தாக வேண்டும், பின்னால் நிற்கும் ராணி போய்விடும். எத்தனை தடவை பார்த்தாலும் எனக்குச் சிலிர்க்கும்.

இரண்டு ஸ்டாக்ஃபிஷ்ஷுமே எந்தப் பொறியிலும் நொடி கூட நிற்கவில்லை. பத்து நகர்த்தலுக்குள் கணக்குத் தீர்ந்துவிடும் எதுவும் இவற்றுக்கு வில்லங்கமே இல்லை. மனிதனுக்குப் பொறியாக இருப்பதை எல்லாம் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டேன்.

ஜனவரி 7, செவ்வாய்

இன்று எழுதுவது என்னைப் போல வீட்டில் சோதனை செய்கிறவர்களுக்கு. ஒரே நிலையை மூன்று தடவை கொடுத்தேன், மூன்று விதமாக யோசித்தது, ஒரு தடவை முதல் நகர்த்தலே மாறிவிட்டது. காரணம் இருக்கிறது. நான்கு த்ரெட் (ஒரே நேரத்தில் தேடும் இழைகள்) ஓடும்போது எது முன்னால் முடிகிறது என்பது ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் மாறும், அவை ஒரே நினைவகப் பட்டியலைப் பகிர்வதால் தேடலின் போக்கும் மாறிவிடும். அது போக, முந்தின தடவை கண்டுபிடித்தது ஹாஷ் என்ற அந்தப் பட்டியலில் அப்படியே கிடந்தால் அடுத்த தடவை விடையைத் தெரிந்துகொண்டுதான் ஆரம்பிக்கிறது.

சோதனை என்றால் ஒரே த்ரெட், ஒவ்வொரு நிலைக்கும் முன்னால் ஹாஷை அழிப்பது, நேரத்தை வைக்காமல் எத்தனை நோட் (பார்க்கும் நிலைகள்) என்று எண்ணிக்கை வைப்பது, திறப்பு நகர்த்தல்களை முன்கூட்டியே எழுதிவைத்த திறப்பு ஏட்டை மூடி வைப்பது. இப்படி வைத்ததும் மூன்று தடவையும் ஒரே விடை, எழுத்து மாறாமல்.

இன்னொன்று, பழைய பதிப்பின் எண்ணையும் புதியதின் எண்ணையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடக் கூடாது. 2022 கடைசியில் வந்த 15.1 முதல் அளவுகோலையே மாற்றிவிட்டார்கள்: +1.00 என்றால் அந்த இன்ஜின் தன்னோடு ஆடினால் வெள்ளை ஜெயிக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு என்று அர்த்தம். ஒரு சிப்பாய் மிச்சம் என்ற பழைய கணக்கு அதில் இல்லை. வெள்ளிக்கிழமை நானே "ஒரு சிப்பாய் அளவு" என்று எழுதியிருக்கிறேன். அது தப்பு, திருத்திக்கொள்ளுங்கள்.

ஜனவரி 9, வியாழன்

பராமரிப்பு என்று காலையிலிருந்து கரண்ட் இல்லை. லேப்டாப் பேட்டரி அரை மணிகூடத் தாங்காது. ஒன்றும் ஓடவில்லை.

ஜனவரி 11, சனி

ஐபிஎம்மின் செஸ் கணினி டீப் ப்ளூ ஆடிய ஒரு நிலையை வைத்தேன். 1997 மே 11, உலக சாம்பியன் காஸ்பரோவுடன் ஆறாவது ஆட்டம், காரோ-கான் திறப்பு. கறுப்பு ஏழாவதாக ஹெச்6 ஆடியது, வெள்ளை குதிரையை ஈ6-இல் கொடுத்தது, 19 நகர்த்தலில் ஆட்டம் முடிந்தது, மேட்ச்சும் போனது. அந்தக் குதிரைப் பலி டீப் ப்ளூ அந்த நேரத்தில் யோசித்துக் கண்டது இல்லை, அதன் திறப்பு ஏட்டிலேயே எழுதி வைத்திருந்தார்கள். அதனால்தான் ஏட்டை மூடிவிட்டுக் கேட்க வேண்டும் என்று பிடிவாதமாக இருக்கிறேன். ஸ்டாக்ஃபிஷ் 17 ஏடே இல்லாமல் கண் இமைப்பதற்குள் குதிரையைக் கொடுக்கச் சொன்னது.

அப்புறம் நைடார்ஃப் திறப்பில் நச்சுச் சிப்பாய் என்ற வரிசை. கறுப்பு ராணி பி2-க்குப் போய்ச் சிப்பாயைத் தின்றுவிட்டுத் தனியாக நிற்கிறது, வெள்ளை அத்தனை காயையும் முன்னே தள்ளிக்கொண்டு வருகிறது. பார்த்தால் யாருக்கும் வயிறு கலங்கும். கொஞ்ச நேரம் எண் மேலே கீழே போயிற்று, பிறகு 0.00, அதாவது இரண்டு பக்கமும் சமம், என்று உட்கார்ந்து அதற்கு மேல் அசையவே இல்லை.

ஜனவரி 15, புதன், பட்டிப் பொங்கல்

அக்கா வீட்டிலிருந்து எல்லோரும் வந்திருக்கிறார்கள். மத்தியானம் மாடுகளைக் குளிப்பாட்டிக் கொம்புக்கு வர்ணம் அடித்துவிட்டு, சாயங்காலம் பட்டிக்குப் போகும் முன்னால் பையன் லேப்டாப் பக்கம் வந்து நின்றான்.

"0.00-ன்னா என்னங்க மாமா, ஒண்ணுமே நடக்காதுங்களா?"

இந்தக் கேள்விதான் பத்து நாளாக எனக்குக் கிடைக்காமல் இருந்தது. ஒரே வரி காட்டுவதை மாற்றி, சிறந்த ஐந்து நகர்த்தல்களையும் சேர்த்துக் காட்டச் சொன்னேன். ஒரு வசதிக்காக முதலில் காட்டிய வரியைப் பிடித்துக்கொண்டே போனோம். சில இடங்களில் முதல் நகர்த்தல் 0.00, இரண்டாவதே தோல்வி. அப்படி ஒற்றைக் கயிற்றில் அடுத்தடுத்துப் பல நகர்த்தல்கள் கடந்த பிறகுதான் அந்த சமன். அமைதியாகக் காய் மாற்றி வரும் 0.00-வும் இதுவும் திரையில் ஒன்றுபோலத்தான் தெரிகின்றன.

உடனே அவனுடைய ஈரோட்டு ஆட்டத்தை எடுத்தோம். ராணிப் பக்கம் வெள்ளை திறந்துகொண்டிருக்கிறது, ராஜா பக்கம் கறுப்புச் சிப்பாய்கள் எஃப்4, ஜி5 என்று வருகின்றன. இன்ஜின் வெள்ளைதான் மேல் என்றது, பொய்யும் சொல்லவில்லை. ஆனால் இருபதாவது நகர்த்தலைத் தாண்டியதும் ஐந்தில் ஒன்று மட்டும் வெள்ளையைக் காப்பாற்றுகிறது, அதுவும் தாக்குவதை நிறுத்திவிட்டுக் குதிரையைப் பின்னால் இழுக்கும் நகர்த்தல். பதினாலு வயதுப் பையனுக்கு, கடிகாரத்தில் மூன்று நிமிடம் இருக்கும்போது அது எப்படித் தோன்றும்? கறுப்புக்கோ, எதை ஆடினாலும் தாக்குதல் நிற்கவில்லை. அவன் தோற்றது அங்கேதான். பட்டியிலிருந்து கூப்பிடும் வரைக்கும் அந்த ஒரு நிலையிலேயே இருந்தோம்.

இனிமேல் குறிப்பேட்டில் எண்ணோடு சேர்த்து முதல் நகர்த்தலுக்கும் இரண்டாவதற்கும் உள்ள இடைவெளியையும் எழுதுகிறேன். திறப்பில் வில்லங்கம் என்று நான் சொல்லிக்கொண்டிருந்தது அதைத்தான்.

ஜனவரி 19, ஞாயிறு

பீளமேட்டில் நண்பர் வீட்டில் கிராஃபிக்ஸ் கார்டு இருக்கிறது, அங்கே போய் லீலா என்ற இன்னொரு இன்ஜினை ஓட்டினோம். இது ஆல்ஃபாஜீரோ என்ற நிரலின் வழியில், தன்னோடு தானே ஆடிக் கற்றது. ஸ்டாக்ஃபிஷ் கோடிக்கணக்கில் பார்க்கும் இடத்தில் இது மிகக் குறைவான நிலைகளையே பார்க்கும், அதனால் நோட் எண்ணிக்கையைச் சமமாக வைத்து இரண்டையும் மோதவிடுவது நியாயம் இல்லை, நேரத்தைச் சமமாக வைத்தோம். எந்த நகர்த்தலைப் பார்க்கலாம் என்று அதன் நரம்பு வலை முதலிலேயே ஒரு விருப்பம் சொல்லும், அந்த விருப்பம் குறைவாக இருக்கும் விசித்திர நகர்த்தல் தாமதமாகத்தான் தேடலுக்குள் வரும். ஐந்து வரி காட்டும்போது இதை மனதில் வைத்தே படிக்க வேண்டும்.

திரும்பி வரும்போது அவிநாசி தாண்டியதும் பையனுக்குப் போனில் ஒரு நிலை அனுப்பினேன்: 1972 ரெய்க்யாவிக் உலக சாம்பியன் போட்டி, ஸ்பாஸ்கி-ஃபிஷர் 11-வது ஆட்டம், அதே நச்சுச் சிப்பாய், ஸ்பாஸ்கி 14-வதாகக் குதிரையைக் கிளம்பிய கட்டத்துக்கே, பி1-க்கே, திருப்பிக் கொண்டுபோன இடம். இன்ஜினைத் திறக்காமல் வெள்ளைக்கு ஒரு நகர்த்தல் சொல் என்றேன். வீடு வந்து சேரும்போது மூன்று நகர்த்தல் எழுதி அனுப்பியிருந்தான், மூன்றும் முன்னோக்கி. "இன்னும் பாருங்கண்ணு" என்று போட்டிருக்கிறேன்.