புகைபோக்கியைப் பார்த்துக்கொண்டிருந்த நாட்கள்

2025 ஏப்ரல் 17, பெரிய வியாழன்

ரோமில் உள்ள ரெஜினா சேலி சிறைக்கு இன்று போப் பிரான்சிஸ் போயிருக்கிறார். இரண்டு நுரையீரலிலும் நிமோனியா வந்து 38 நாள் மருத்துவமனையில் கிடந்த மனிதர், வயது 88. நன்றாக ஓய்வெடுக்க வேண்டும் என்று சொல்லித்தான் மருத்துவர்கள் அனுப்பினார்கள். அவர் நேரே கைதிகளைப் பார்க்கப் போய்விட்டார்.

பெரிய வியாழனன்று கால்களைக் கழுவுவதை ஒரு சடங்காக வைக்காமல் சிறைக்குள் கொண்டுபோனவர் அவர். 2013-ல் பொறுப்பேற்ற கையோடு சிறார் சிறையில் பன்னிரண்டு பேரின் கால்களைக் கழுவினார். அதில் பெண்களும் இருந்தார்கள், முஸ்லிம்களும் இருந்தார்கள். அன்று அதற்கு எவ்வளவு சண்டை! இந்த ஆண்டு அவரால் முடியவில்லை. கால் கழுவ முடியாவிட்டாலும் உங்கள் பக்கத்தில் இருக்கலாமே என்று வந்தேன் என்ற பொருளில் பேசியிருக்கிறார். வெளியே வரும்போது, இப்படிப்பட்ட இடத்துக்குள் போகும்போதெல்லாம் 'ஏன் இவர்கள், ஏன் நான் இல்லை' என்று தன்னையே கேட்டுக்கொள்வதாகச் சொன்னாராம்.

எங்கள் சபை போப்பின் கீழ் வருவதில்லை. இருந்தாலும் இந்தச் செய்தியை விட்டு என்னால் நகர முடியவில்லை. இயேசு சீஷர்களின் கால்களைக் கழுவுகிற யோவான் 13-ஐ எடுத்தால் நாங்கள் எல்லோரும் குனிவதைப் பற்றியே பிரசங்கம் பண்ணுகிறோம். குனியத் தெம்பில்லாதவன் என்ன செய்வது என்று யாரும் பேசிக் கேட்டதில்லை.

ஏப்ரல் 20, ஈஸ்டர்

இந்த ஆண்டு கிழக்குத் திருச்சபைகளுக்கும் மேற்குத் திருச்சபைகளுக்கும் ஒரே நாளில் ஈஸ்டர். ஈஸ்டர் நாளை எல்லோரும் ஒன்றாகக் கொண்டாட வேண்டும் என்று பேசி முடித்த நிசேயா சங்கம் கூடியது 325-ல். அதாவது சரியாக 1700 ஆண்டு. ஒத்துப்போனது மனிதர்கள் அல்ல, காலண்டர் கணக்குதான். அதுவாவது ஒத்துப்போகட்டும்.

மதியம் மாடத்தில் பிரான்சிஸ் வந்தார். குரல் எழும்பவில்லை. செய்தியை வேறொருவர் வாசித்தார்.

ஏப்ரல் 21

காலையில் காலமாகிவிட்டார். பக்கவாதம், அதைத் தொடர்ந்து இதயம் நின்றது.

கைபேசி முழுக்க அவர்தான். சிரிக்கும் படம், குழந்தையைத் தூக்கும் படம், சோகமான பின்னணி இசை. எனக்கு அதையெல்லாம் விட ஒரு சின்ன விஷயம்தான் பெரிதாகப் படுகிறது. 2023 அக்டோபரில் காசாவில் போர் தொடங்கியதிலிருந்து, அங்கிருக்கும் ஒரே கத்தோலிக்க ஆலயமான திருக்குடும்ப ஆலயத்துக்கு அநேகமாக ஒவ்வொரு சாயங்காலமும் போன் செய்திருக்கிறார். மருத்துவமனையில் இருந்தபோதும் கூப்பிட்டார். என்ன சாப்பிட்டீர்கள், பிள்ளைகள் எப்படி இருக்கிறார்கள் என்று விசாரிப்பாராம். கடைசியாகக் கூப்பிட்டது ஈஸ்டருக்கு முந்தின சனிக்கிழமை, சாவதற்கு இரண்டு நாள் முன்னால்.

அந்தப் போன்களால் போர் நிற்கவில்லை. ஒரு குண்டு குறைந்ததாகவும் தெரியவில்லை. அப்படியானால் எதற்கு என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள், நியாயமான கேள்விதான். ஆலயத்துக்குள் ஒண்டியிருந்தவர்கள் அப்படிக் கேட்கவில்லை. மணி அடிக்கும் நேரத்துக்காகக் காத்திருந்தார்கள்.

ராத்திரி யோவான் 21-ஐ எடுத்தேன். உயிர்த்தெழுந்தவர் பேதுருவிடம் சொல்வது: "நீ முதிர்வயதுள்ளவனாகும்போது உன் கைகளை நீட்டுவாய், வேறொருவன் உன் அரையைக் கட்டி, உனக்கு இஷ்டமில்லாத இடத்துக்கு உன்னைக் கொண்டுபோவான்." இதைச் சொல்லி முடித்த பிறகுதான் "என்னைப் பின்பற்றிவா" என்கிறார். வேலைக்கு ஆள் எடுக்கும் யாரும் இந்த வரிசையில் பேச மாட்டார்கள்.

ஏப்ரல் 23

எதிர்பார்த்தது வந்துவிட்டது. சபை வாட்ஸாப் குழுவில் 'கடைசி போப் தீர்க்கதரிசனம்'. 12-ம் நூற்றாண்டில் மலாக்கி என்ற ஐரிஷ் பேராயர் வருங்கால போப்களை எல்லாம் வரிசையாக எழுதி வைத்தாராம், 112-வது ஆளோடு கதை முடிகிறதாம்.

மலாக்கி இறந்தது 1148-ல். அந்தப் பட்டியல் அச்சில் வந்தது 1595-ல். நடுவில் நானூற்றுச் சொச்சம் ஆண்டுகள் அதைப் பற்றிப் பேச்சு மூச்சு இல்லை. 1590 வரைக்கும் வந்த போப்களுக்கு வரிகள் அச்சுப் பிசகாமல் பொருந்துகின்றன, அதற்கப்புறம் யாருக்கு வேண்டுமானாலும் பொருந்துகிற மாதிரி மங்கலாகிவிடுகின்றன. எப்போது உட்கார்ந்து எழுதியிருப்பார்கள் என்று நீங்களே கணக்குப் போடலாம்.

இதைக் குழுவில் போட்டேன். ஒரு அண்ணன், "இருந்தாலும் ஜாக்கிரதையாக இருப்பது நல்லதுதானே தம்பி" என்றார். இதற்கு என்ன பதில் சொல்ல? அப்போஸ்தலர் 1:7-ஐ மட்டும் அனுப்பினேன்: "பிதாவானவர் தம்முடைய ஆதீனத்திலே வைத்திருக்கிற காலங்களையும் வேளைகளையும் அறிகிறது உங்களுக்கு அடுத்ததல்ல." கைகூப்பும் பொம்மை ஒன்று வந்தது. அப்புறம் வேறொரு குழுவிலிருந்து அதே வீடியோ மறுபடியும்.

ஏப்ரல் 26

அடக்க ஆராதனை நேரலையில். சாதாரண மரப்பெட்டி, மேலே திறந்தபடி சுவிசேஷப் புத்தகம். ஒரு பக்கம் கறுப்பு அங்கிகளில் உலகத் தலைவர்கள். ஆராதனைக்கு முன் பேதுரு ஆலயத்துக்குள் இரண்டு நாற்காலி போட்டு டிரம்பும் செலன்ஸ்கியும் நேருக்கு நேர் உட்கார்ந்து பேசிய படம்தான் இன்று எல்லாரும் பகிர்வது. நல்ல படம், மறுக்கவில்லை.

நான் பார்த்துக்கொண்டிருந்தது கடைசிக் காட்சியை. சாந்தா மரியா மஜ்ஜோரே ஆலயப் படிக்கட்டில் பெட்டிக்காகக் காத்து நின்றவர்கள் ஏழைகள், வீடற்றவர்கள், கைதிகள், புலம்பெயர்ந்தவர்கள், திருநங்கைகள். கையில் ஆளுக்கொரு வெள்ளை ரோஜா. கல்லறையில் பெயரைத் தவிர வேறு அலங்காரம் வேண்டாம் என்று அவரே எழுதி வைத்திருந்தார். ஃபிரான்சிஸ்குஸ் என்ற ஒரே சொல்தான் அங்கே பொறித்திருக்கிறது.

மே 3

போப் உடையில் தான் உட்கார்ந்திருப்பது போல ஏஐ படம் ஒன்றை டிரம்ப் வெளியிட்டிருக்கிறார். வெள்ளை அங்கி, உயரத் தொப்பி, தங்கச் சிலுவை. போப் ஆக ஆசை என்று சில நாள் முன்னால் விளையாட்டாகச் சொல்லியிருந்தார், அதன் தொடர்ச்சி.

சிலர் கொதிக்கிறார்கள், சிலர் 'ஒரு ஜோக்கைத் தாங்க முடியாதா' என்கிறார்கள். துக்கம் இன்னும் ஆறாத வீட்டில் செய்கிற ஜோக் இல்லை இது என்பது என் கட்சி. ஆனால் கோபத்தோடு நிறுத்திக்கொள்ளவும் மனதில்லை. கிறிஸ்துவுக்கே கேலியாக ராஜ உடை மாட்டிப் பார்த்தவர்கள்தான் ரோமப் போர்வீரர்கள். சிவப்பு அங்கி, முள்முடி, கையில் ஒரு கோல். அதை அவர் தாங்கிக்கொண்டார். அவர் விலகி ஓடியது வேறொரு சந்தர்ப்பத்தில். ஐந்தப்பத்தில் வயிறு நிறைந்த கூட்டம் தம்மைப் பிடித்து நிஜமாகவே ராஜாவாக்கப் பார்க்கிறது என்று அறிந்து, "மறுபடியும் தனியே மலையின்மேல் ஏறினார்" என்கிறது யோவான் 6:15.

அந்தப் படத்தில் இருக்கும் தங்கமும் சிம்மாசனமும் ஏஐ சொந்தமாகக் கற்பனை செய்ததா? நூற்றாண்டுக் கணக்கில் சபை தன்னைப் பற்றி வரைந்து வைத்த படங்களிலிருந்து கற்றுக்கொண்டதுதானே. இதைச் சொன்னால் இரண்டு பக்கமும் அடி விழும். சரி, விழட்டும்.

மே 7

அடுத்த போப்பைத் தேர்ந்தெடுக்கும் கான்கிளேவ் தொடங்கிவிட்டது. 133 கர்தினால்கள், தேவை 89 வாக்கு. கைபேசிகளை வாங்கி வைத்துவிட்டார்கள், சிக்னலும் கிடையாது. வெளியில் இருக்கும் நமக்குத்தான் எல்லாம் தெரியும் என்பது போல பந்தய இணையதளங்கள் ஆளாளுக்கு சதவீதம் போடுகின்றன. பரோலின் முன்னணி, தாக்லே இரண்டாவது. 'கான்கிளேவ்' என்ற பெயரிலேயே வந்த படத்தைப் பலர் இந்த வாரம் மறுபடியும் பார்க்கிறார்கள். மார்ச்சில் தழுவல் திரைக்கதைக்கு ஆஸ்கர் வாங்கிய படம். நானும் பார்த்தேன். கதவைச் சாத்திக்கொண்டு தேர்ந்தெடுக்கிறார்கள் என்றாலே சூழ்ச்சிதான் என்று நாம் நம்புகிறோம், அந்த நம்பிக்கைக்கு அருமையாகத் தீனி போடுகிறது. தப்பில்லை. கதவுக்குள் சூழ்ச்சியும் நடந்திருக்கிறது, வரலாறு தெரிந்தவர்கள் மறுக்க மாட்டார்கள்.

எனக்கு அப்போஸ்தலர் முதல் அதிகாரத்துத் தேர்தல்தான் நினைவில் ஓடுகிறது. யூதாஸின் இடம் காலி. மத்தியா, யோசேப்பு என்று இரண்டு பேரை நிறுத்துகிறார்கள். ஜெபம் பண்ணிச் சீட்டுப் போடுகிறார்கள். சீட்டு மத்தியாவுக்கு விழுகிறது.

யோசேப்பு என்ன ஆனார்? பர்சபா என்றும் யுஸ்து என்றும் அவருக்குப் பெயர்கள். ஜெயித்த மத்தியாவை விடப் பெயர் அதிகம். யோவான் ஸ்நானன் காலத்திலிருந்து கூடவே இருந்தவர், எல்லாத் தகுதியும் உள்ளவர். ஒரு சீட்டில் தோற்றார். அன்று ராத்திரி அவர் வீட்டுக்குப் போனாரா, கூடியிருந்த நூற்றிருபது பேரோடு ஜெபத்தில் உட்கார்ந்தாரா, லூக்கா எழுதவில்லை. அடுத்த அதிகாரத்தில் "எல்லாரும் ஒருமனப்பட்டு ஓரிடத்திலே வந்திருந்தார்கள்" என்று மட்டும் இருக்கிறது. அந்த 'எல்லாரும்' என்பதற்குள் அவரும் இருந்தார் என்றே நான் வாசிக்கிறேன். சபைக் கமிட்டித் தேர்தலில் தோற்றவுடன் வேறு சபைக்கு மாறிப்போனவர்களை நமக்குத் தெரியும். யோசேப்பைப் பற்றி ஒரு பிரசங்கம் கேட்க எனக்கு ஆசை.

இதில் வேடிக்கை, ஜெயித்த மத்தியாவின் பெயரும் அதற்கப்புறம் புதிய ஏற்பாட்டில் எங்கும் வருவதில்லை.

ராத்திரி கரும்புகை, யாரும் தேர்வாகவில்லை.

மே 8

புகைபோக்கி பக்கத்தில் கடற்புறாக்கள், ஒரு குஞ்சு வேறு. உலகமே பறவை பார்த்துக்கொண்டிருந்தபோது வெண்புகை வந்தது. ராபர்ட் பிரீவோஸ்ட். சிகாகோவில் பிறந்து பெருவில் பல ஆண்டு ஊழியம் செய்தவர், இனி பதினான்காம் லியோ. பந்தயக்காரர்களின் முகத்தைப் பார்க்க வேண்டும் போலிருந்தது.

உடனே மீம்ஸ். எந்த பேஸ்பால் அணியின் ரசிகர் என்று ஒரு பெரிய விசாரணை. ஒயிட் சாக்ஸ் என்று அவருடைய சொந்த அண்ணன் தீர்ப்புச் சொல்லிவிட்டார். சிகாகோவிலிருந்து போப்பா என்று ஆச்சரியப்பட்டவர்களைப் பார்த்தால் நாத்தான்வேல் ஞாபகம் வருகிறது: "நாசரேத்திலிருந்து யாதொரு நன்மை உண்டாகக்கூடுமா?"

மாடத்தில் அவர் முதலில் சொன்னது, உங்கள் அனைவரோடும் சமாதானம் இருக்கட்டும் என்பது. பயந்துபோய்க் கதவைப் பூட்டிக்கொண்டிருந்தவர்கள் நடுவே வந்து நின்று உயிர்த்தெழுந்தவர் சொன்ன வாழ்த்து அது. இரண்டு போர்கள் நடந்துகொண்டிருக்கும்போது அதைச் சொல்லக் கொஞ்சம் தைரியம் வேண்டும், இல்லையென்றால் கொஞ்சம் வெகுளித்தனம் வேண்டும். எது என்று போகப்போகத் தெரியும்.

மே 12

லியோ என்ற பெயரை ஏன் எடுத்தேன் என்று பத்தாம் தேதி கர்தினால்களிடம் விளக்கியிருக்கிறார். பதின்மூன்றாம் லியோ 1891-ல் 'ரேரும் நோவாரும்' என்ற சுற்றுமடல் எழுதினார். தொழிற்சாலைகள் மனிதனைப் பிழிந்துகொண்டிருந்த காலம். நியாயமான கூலி, சங்கம் வைக்கும் உரிமை, ஓய்வு நாள் என்று வெளிப்படையாகப் பேசிய மடல் அது. இப்போது ஏஐ கொண்டுவருவது இன்னொரு தொழிற்புரட்சி, மனித மாண்பும் நீதியும் உழைப்பும் மறுபடியும் கேள்விக்குள்ளாகின்றன என்கிறார் இவர். இன்று பத்திரிகையாளர்களைச் சந்தித்தபோது, உண்மையைச் சொன்னதற்காகச் சிறையில் கிடக்கும் நிருபர்களை விடுவிக்கக் கேட்டார். சொற்களிலிருந்து ஆயுதத்தைக் களையச் சொன்னார்.

வருகிற ஞாயிறு வாலிபர் கூடுகையில் ஏஐ பற்றிப் பேச என்னைக் கேட்டிருக்கிறார்கள். 'மிருகத்தின் முத்திரை' என்று தலைப்பு வைத்தால் கூட்டம் அள்ளும் என்று ஒரு தம்பி யோசனை சொன்னான். அள்ளும், சந்தேகமில்லை. 1891-லிருந்து தொடங்கப்போகிறேன் என்றேன். அவன் முகம் விழுந்துவிட்டது. வேலை போகப்போகிறதோ என்ற பயத்தில் அந்தக் கூட்டத்தில் உட்காரப்போகிறவர்களில் அவனும் ஒருவன் என்பதால் யாக்கோபு 5:4-ஐயும் சேர்த்திருக்கிறேன், அறுத்தவர்களின் கூலி கூக்குரலிடுகிற வசனத்தை.

போதகர் ஐயா இருபது நிமிடம்தான் தருவாராம்.