சொதிக்குள்ள ஹலூமி

மைனி ஹலூமிங்கிற சைப்ரஸ் நாட்டுச் சீஸைச் சொதியில போட்டுட்டாங்க. அவங்க தம்பி துபாய்ல இருந்து கொண்டாந்த பாக்கெட்ல ஒண்ணு, 250 கிராம், சதுரம் சதுரமா நறுக்கி, முருங்கைக்காய்க்கும் உருளைக்கிழங்குக்கும் நடுவுல. "வெள்ளையா இருக்கு, பன்னீர்தானே?"ங்கிறது அவங்க வாதம். பெரியாச்சி ஒரு வாய் வச்சாங்க. இலையை லேசாத் தள்ளிட்டு, "ஏளா, சொதி வச்சியா, இல்ல திருச்செந்தூருக்குப் போய்க் கடல்தண்ணி மோந்துட்டு வந்தியா?"

கணக்குப் பார்த்தா ஆச்சி சொன்னதுல பெரிய மிகை கிடையாது. ஹலூமியில 100 கிராமுக்கு 2.5ல இருந்து 3 கிராம் வரை உப்பு இருக்கும். அப்ப ஒரு பாக்கெட்ல சின்னக் கரண்டிக்குத் தலைதட்டி ஒரு கரண்டி உப்பு. அதுக்கு மேல மைனி வழக்கம்போலச் சொதிக்கும் உப்புப் போட்டிருக்காங்க. குழம்புல போட்டே தீரணும்னா, துண்டு போட்டு அரைமணி நேரம் பச்சைத்தண்ணியில ஊறவச்சு, நடுவுல ஒரு தடவை தண்ணி மாத்தி, கடைசியா இறக்கும்போது போடணும். குழம்புக்கு உப்பே போடாம நிறுத்தி, ருசி பார்த்துட்டுப் பிறகு போட்டுக்கிடலாம்.

ஒண்ணு சொல்லணும், தேங்காப்பால்ல கொதிச்சும் அது கரையவே இல்லை. மாமாவுக்கு அதுல பெரிய சந்தேகம், "பிளாஸ்டிக்கா இருக்குமோ?" பிளாஸ்டிக் இல்லை. சைப்ரஸ்ல இதை ஆட்டுப்பால், செம்மறியாட்டுப்பால்லதான் செஞ்சாங்க, இப்ப மாட்டுப்பாலும் சேர்க்காங்க. பாலை எலுமிச்சம்பழம் பிழிஞ்சு திரிக்காம, ரென்னட்ங்கிற உறைநொதி போட்டு உறைய வச்சு, அழுத்தி, அந்தக் கட்டியை அதே பால்தண்ணியில 90 டிகிரிக்கு மேல அரைமணி நேரமாவது வேகவைப்பாங்க. புளிக்க விடுறதும் இல்லை. அதனாலதான் சூட்டுல உருகி ஓடாம நிக்குது. பிறகு உப்பும் காஞ்ச புதினாவும் தூவி ரெண்டா மடிப்பாங்க. மெலிசா நறுக்கினா அந்த மடிப்புலதான் பிளந்துக்கிட்டு வரும், சீவல் போடுத ஆசையெல்லாம் வேண்டாம், ஒரு சென்டிமீட்டர் கனம் இருக்கணும். நம்ம பத்தமடைப் பாய்க்கு இருக்கிற மாதிரி 2021ல ஐரோப்பிய ஒன்றியத்துல இதுக்கும் ஊர்ப்பேர் பாதுகாப்பு வாங்கிட்டாங்க.

ரென்னட்னா கன்னுக்குட்டி வயித்துல இருந்து எடுக்கதும் உண்டு. சைவ வீட்ல இதைச் சாப்பாட்டுக்குப் பிறகு சொல்லப்படாது. மாமா சொன்னாரு. ஆச்சி பார்த்த பார்வையில, குப்பைக்கூடையில கிடந்த கவரைத் தேடி எடுத்து, 'நுண்ணுயிர் ரென்னட்'ங்கிற வரியைச் சத்தமா வாசிச்ச பிறகுதான் வீடு அடங்கிச்சு. வாங்கும்போதே அந்த வரியைப் பார்த்துக்கிடுங்க.

ராத்திரி அடுத்த பாக்கெட். இது சுட்டுத் திங்கிற சாமான்னு புரியவச்சு, மைனி தோசைக்கல்லை அடுப்புல ஏத்தினாங்க. "என் தோசைக்கல்லுல கண்டதையும் சுடாத, சப்பாத்திக்கல் அங்கன கிடக்கு" - ஆச்சி, கட்டில்ல படுத்தமானிக்கே. இதுலயும் ஆச்சி பக்கம்தான் நியாயம். பால்சத்து இரும்புல ஒட்டிக் கருகினா மறுநாள் முதல் நாலு தோசை பிஞ்சு பிஞ்சுதான் வரும். வெங்காயத்தைப் பாதியா வெட்டி நல்லெண்ணெய் தொட்டுத் தேய்ச்சுப் பழையபடி வழிக்குக் கொண்டுவரணும்.

சுடுறதுல ஒரே ரகசியம் ஈரம். பாக்கெட்டுக்குள்ள இருக்கிற உப்புத்தண்ணியோட போட்டா அது அவிஞ்சு, வெளுத்து, கல்லுல அப்பிக்கிடும். துணியால ஒத்தி எடுத்து, அரைக்கரண்டி எண்ணெய் தடவின கல்லுல மிதமான தீயில வைங்க. முதல்ல தண்ணி விடும், பயந்து கிண்டப்படாது. தண்ணி வத்தி அடி பொன்னிறமானா அதுவா கல்லை விட்டுரும். பக்கத்துக்கு ரெண்டு, மூணு நிமிஷம். முழுத்தீயில வச்சா வெளிய கருகி உள்ள சூடேறாமலே கிடக்கும். எடுத்த கையோட திங்கணும், பல்லுல கிறீச்சுன்னு சத்தம் வரும். பத்து நிமிஷம் டிவி பார்த்துட்டு வந்தா ரப்பர்தான். திரும்பக் கல்லுல அரை நிமிஷம் காட்டினா ஓரளவு மீளும்.

சைப்ரஸ்ல வெயில் காலத்துல தர்ப்பூசணியோட திம்பாங்க. தேன் ஊத்துறதும் உண்டு. தேனை விட உடன்குடி கருப்பட்டிப் பாகுல எலுமிச்சம்பழம் ரெண்டு சொட்டு விட்டு, மிளகு தட்டிப் போட்டா எடுப்பா இருக்கு. அதை விடவும், மத்தியானச் சொதிக்கு அரைச்சு மிஞ்சின இஞ்சிப் பச்சடி. அந்தக் காரமும் புளியும் வெல்லமும் உப்பை அமுக்கிருது. இட்லிப்பொடி வேண்டாம், அதுலயும் உப்பு.

ஆச்சிக்குப் பல்லு இல்லை. சைப்ரஸ்ல மாக்கரோனி மேல துருவுத மாதிரி, சூடான இடியாப்பத்து மேல துருவிக் குடுத்தாச்சு. ஒண்ணும் சொல்லாம ரெண்டாவது தடவை தட்டை நீட்டினாங்க.

அதைப் பார்த்துட்டு மாமா வீட்லயே செஞ்சு பாக்கணும்னு கிளம்பிட்டாரு. மாட்டுப்பால்னா ஒரு கிலோவுக்கு ஏறக்குறைய பத்து லிட்டர் ஆகும், அட்டை டப்பாப் பால் சரியா உறையாதுன்னு சொல்லியாச்சு. காலையில பால்காரர்ட்ட பத்து லிட்டருக்குச் சொல்லிட்டாராம். "என்ன அண்ணாச்சி, வீட்ல விசேஷமா?"ன்னு அவரும் சந்தோஷமாக் கேட்டுருக்காரு. ரென்னட் எந்தக் கடையில கிடைக்கும்னு இனிமேதான் விசாரிக்கணுமாம்.