ராட்டில்ஸ்னேக் நடமாடும் ஊரில் வீடு

அமெரிக்காவில், அரிசோனா மாநிலத்து டூசான் ஊருக்கு வெளியே, கூப்பிட்டால் பக்கத்து வீட்டுக்குக் கேட்காத அளவுக்குத் தள்ளி வீடு வாங்கியதிலிருந்து, ஊரிலிருந்து போன் பண்ணுகிறவர்கள் எல்லோரும் கேட்பது பாம்பு வருமா என்றுதான். வரும். மார்ச்சில் வெயில் ஏற ஆரம்பித்தால் அக்டோபர் வரைக்கும் வரும். மே, ஜூனில் பகல் வெயில் அதற்கே தாங்காது என்பதால் சாயங்காலத்துக்கு மேல்தான் நடமாட்டம். ஜூலையில் மழை இறங்கிவிட்டால் ராத்திரி டார்ச் இல்லாமல் குப்பைத்தொட்டி வரைக்கும்கூட இங்கே யாரும் போக மாட்டார்கள்.

அரிசோனாவில் மட்டும் 13 வகை ராட்டில்ஸ்னேக், அதாவது வாலை ஆட்டிச் சத்தம் போடுகிற விஷப்பாம்பு, இருக்கிறது. வீட்டுப் பக்கம் அதிகம் வருவது வெஸ்டர்ன் டயமண்ட்பேக். முதுகு முழுக்க மங்கலான வைரக் கட்டம், வாலில் கறுப்பும் வெள்ளையுமாகப் பட்டை, அதற்கப்புறம் கிலுகிலுப்பை. மொஹாவி என்று இன்னொன்று இருக்கிறது, பார்க்க ஏறக்குறைய அதே மாதிரிதான், ஆனால் வால் பட்டையில் கறுப்பு மெலிந்து வெள்ளை அகலமாக இருக்கும். பல பகுதிகளில் இருக்கிற மொஹாவியின் விஷம் நரம்பைத் தாக்கி மூச்சையே நிறுத்தக்கூடியது. இந்த வித்தியாசத்தைக் கிட்டப் போய்ப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை. எதுவாக இருந்தாலும் தள்ளி நின்றால் போதும்.

போன வருஷம் அம்மா வந்திருந்தபோது பின்பக்கம் காயப்போட்ட துணியை எடுக்கப் போனார். நானும் கூடவே போனேன். ஏசியின் வெளி யூனிட் பக்கத்திலிருந்து சத்தம் வந்தது, காய்ந்த எண்ணெயில் ஈரக் கடுகைக் கொட்டின மாதிரி ஒரு சீறல், இடைவெளியே இல்லாமல். யூனிட் நிழலில் உடம்பைச் சுருட்டி, கழுத்தை வளைத்துப் பின்னுக்கு இழுத்து, தலையை எங்கள் பக்கம் நீட்டி வைத்திருந்தது. நாக்கு மட்டும் மெதுவாக மேலும் கீழும் போய்வந்தது. வால் செங்குத்தாக நின்றது, ஆனால் நுனி கண்ணுக்குப் பிடிபடவில்லை, சாம்பல் நிறத்தில் ஒரு புகை மாதிரிதான் தெரிந்தது. அம்மா சட்டென்று என் கையைப் பிடித்து, "அசையாத தம்பி. மெதுவா பின்னாடி வா, அதுவே அடங்கிடும்" என்றார். கடலைக் காட்டில் கண்ணாடி விரியனோடு வளர்ந்தவர், பதறவே இல்லை. ஏழெட்டு எட்டு பின்னால் வந்ததும் சத்தம் தணிந்தது, கொஞ்ச நேரத்தில் நின்றேவிட்டது. அப்புறம்தான் கேட்டார், "நம்ம ஊரு பாம்பு இப்படிச் சொல்லிட்டா கடிக்குது?"

அவர் கேட்டது ரொம்ப நியாயமான கேள்வி. கண்ணாடி விரியன் பலமாகச் சீறும், சுருட்டை விரியன் செதிலோடு செதிலை உரசி அறுக்கிற மாதிரி சத்தம் போடும், கட்டுவிரியன் ராத்திரி பாயில் படுத்திருக்கிறவரைச் சத்தமே இல்லாமல் கடித்துவிட்டுப் போய்விடும். ராட்டில்ஸ்னேக் அளவுக்கு எச்சரிக்கைக்கென்றே தனி உறுப்பு வைத்திருக்கிற பாம்பு வேறு இல்லை. நகம் எதனால் ஆனதோ அதே கெரட்டின்தான், உள்ளே விதையோ மணியோ எதுவும் கிடையாது. ஒன்றுக்குள் ஒன்று தளர்வாகக் கோத்த வளையங்கள் மோதுவதில் வருகிற சத்தம். சட்டை உரிக்கும்போதெல்லாம் ஒரு வளையம் கூடும். வருஷத்துக்கு இரண்டு மூன்று தடவை உரிக்கும், நுனியும் அடிக்கடி உடைந்து விழும், அதனால் வளையத்தை எண்ணி வயசு சொல்வதெல்லாம் சும்மா.

2021இல் ஒரு ஆய்வு வந்தது. ஆள் நெருங்க நெருங்க பாம்பு ஆட்டுகிற வேகத்தைக் கூட்டிக்கொண்டே போய், குறிப்பிட்ட தூரம் வந்ததும் திடீரென்று இன்னும் அதிக வேகத்துக்குத் தாவிவிடுமாம். கேட்கிறவருக்கு அது இருக்கிற இடத்தைவிட இன்னும் பக்கத்தில் வந்துவிட்டதாகத் தோன்றும். அதாவது நம்மை முன்கூட்டியே நிறுத்திவிடுகிறது. ஒரு தடவை கடித்தால் செலவாகிற விஷம் அதற்கு இரை பிடிக்க வேண்டிய விஷம், நம் மேல் வீணாக்க அதற்கு ஆசை கிடையாது. ஆனால் எல்லா நேரமும் சத்தம் போடும் என்று நம்பி நடக்கக்கூடாது. பல சமயம் மண்ணின் நிறத்தோடு ஒட்டி அசையாமல் கிடக்கும், மிதித்தால் கடிக்கும். ஜூலை, ஆகஸ்டில் பிறக்கிற குட்டிகளுக்கு (முட்டை இல்லை, குட்டியாகத்தான் போடும்) வாலில் ஒரே ஒரு பொத்தான் மாதிரிதான் இருக்கும், சத்தமே வராது. பிறந்த நிமிஷத்திலிருந்தே விஷம் உண்டு.

அன்றைக்குப் பக்கத்து நிலத்தில் இருக்கிற பெரியவரைக் கூப்பிட்டோம். நீளமான இடுக்கியும் மூடி போட்ட வாளியுமாக வந்தார். பிடித்து, எங்கள் நிலத்தை ஒட்டிய வாய்க்கால் புதருக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் விட்டார். தூரமாகக் கொண்டுபோய் விட வேண்டியதுதானே என்று கேட்டதற்கு, வழக்கமாகச் சுற்றுகிற எல்லையைத் தாண்டி விட்டால் குளிருக்கு ஒதுங்குகிற பொந்து தெரியாது, வழி தேடி அலைந்தே செத்துவிடும் என்றார். எனக்கு அவர் சொன்னது சரியாகப் பட்டது. பாம்பு என்றாலே மண்வெட்டியோடு ஓடுகிறவர்களும் இங்கே நிறைய உண்டு. அடிக்கப் போய்க் கடி வாங்குகிறவர்களும் அவர்களில்தான். தலையை வெட்டிப் போட்டாலும் வெகுநேரம் அந்தத் தலை கடிக்கும், விஷத்தோடு. டெக்சாஸில் ஸ்வீட்வாட்டர் என்ற ஊரில் 1958இலிருந்து வருஷா வருஷம் பாம்புகளை ஆயிரக்கணக்கில் பிடித்துவந்து மக்கள் முன்னால் கொன்று திருவிழா நடத்துகிறார்கள். பொந்துக்குள் பெட்ரோல் புகையைச் செலுத்தி வெளியே வரவைப்பதும் உண்டு. அதை என்னால் எந்தக் காரணம் சொன்னாலும் ஏற்க முடியவில்லை.

பாம்பு வராமல் இருக்க வேண்டுமென்றால் எலியைப் பார்க்க வேண்டும். இங்கே பேக்ரேட் என்று ஒரு எலி, சப்பாத்திக் கள்ளித் துண்டுகளையும் குச்சிகளையும் இழுத்துவந்து குவித்துக் கூடு கட்டும். கார் பானெட்டுக்குள்கூடக் கட்டி ஒயரைக் கடித்து வைக்கும். கூடு இருக்கிற இடத்துக்குப் பாம்பு கட்டாயம் வரும். பறவைக்கு வைக்கிற தானியம் கீழே சிந்தினால் எலி, எலிக்குப் பின்னால் பாம்பு. அதனால் தானியத் தட்டை எடுத்துவிட்டோம், விறகு அடுக்கைச் சுவரிலிருந்து தள்ளி வைத்தோம், கராஜ் கதவின் அடி ரப்பரை மாற்றினோம், குழந்தை விளையாடுகிற பின்முற்றத்தைச் சுற்றி மூன்றடி உயரத்துக்குக் கால் இன்ச் கண்ணி வலை அடித்து, அடிப்பக்கத்தைக் கொஞ்சம் மண்ணுக்குள் புதைத்தோம். கடையில் விற்கிற பாம்பு விரட்டித் தூளுக்குக் காசு கொடுக்காதீர்கள், பெரும்பாலும் அந்துருண்டையும் கந்தகமும்தான், பாம்பு அதன் மேலேயே ஊர்ந்து போகும்.

கடித்துவிட்டால் ஒரே வேலை, இங்கே அவசர எண்ணான 911ஐக் கூப்பிடுவது. கீறி ரத்தம் எடுப்பது, வாயால் உறிஞ்சுவது, இறுக்கிக் கட்டுவது, ஐஸ் வைப்பது எதுவும் வேண்டாம். கட்டினால் விஷம் அந்த இடத்திலேயே தேங்கிச் சதையை இன்னும் அழுகவைக்கும். மோதிரம், வளையல், வாட்ச் எல்லாவற்றையும் உடனே கழற்றிவிட வேண்டும், வீக்கம் அவ்வளவு வேகமாக ஏறும். வீக்கத்தின் எல்லையைப் பேனாவால் கோடிட்டு நேரத்தையும் எழுதி வைத்தால் டாக்டருக்கு உதவும். சந்தேகம் கேட்க 1-800-222-1222 என்ற விஷ முறிவு மைய எண் நாடு முழுக்க வேலை செய்யும்.

அமெரிக்காவில் வருஷத்துக்கு 7,000லிருந்து 8,000 பேரை விஷப்பாம்பு கடிக்கிறது, சாவது ஐந்து பேர் அளவில்தான். இந்தியாவில் 2000இலிருந்து 2019 வரைக்கும் பாம்புக்கடியில் செத்தவர்கள் சுமார் 12 லட்சம் என்று கணக்கிட்டிருக்கிறார்கள், வருஷத்துக்குச் சராசரி 58,000. இந்த இடைவெளியை நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது. இங்கே காலில் பூட்ஸ், கையில் போன், அவசரத்துக்கு ஹெலிகாப்டர். அங்கே வெறுங்காலோடு ராத்திரி வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சப் போகிறவருக்கு ஆஸ்பத்திரி எத்தனையோ கிலோமீட்டர் தள்ளி. இத்தனைக்கும் விஷமுறிவு மருந்துக்கான விஷத்தை எடுத்துக் கொடுப்பது நம் ஊர் இருளர்கள், வடநெம்மேலியில் 1978இல் தொடங்கிய கூட்டுறவுச் சங்கம். நம் அரசு ஆஸ்பத்திரியில் அந்த மருந்து இலவசம். இங்கே ஒரு குப்பியே ஆயிரக்கணக்கான டாலர், ஒரு ஆளுக்குப் பத்து குப்பிக்கு மேலும் தேவைப்படலாம். இன்சூரன்ஸ் விவரத்தைக் கடி வாங்குவதற்கு முன்னாலேயே படித்து வைப்பது நல்லது.

நாய் வைத்திருப்பவர்கள் பாம்பைக் கண்டால் விலகிப் போகப் பழக்குகிற பயிற்சி வகுப்புக்கு அதை அழைத்துப் போங்கள், நாய்க்குப் பெரும்பாலும் முகத்தில்தான் கடி விழும். இந்தப் பக்கம் புதிதாகக் குடிவருகிறவர்கள் உங்கள் பகுதித் தீயணைப்பு நிலையத்தில் பாம்பு எடுக்க ஆள் அனுப்புவார்களா என்று முதல் வாரமே கேட்டு, நம்பரை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டி வைத்துவிடுங்கள். இங்கே கிராமப்புற நிலையங்கள் பலவும் அனுப்புகின்றன.