புல்மோட்டை மணலும் பென்னுவின் கல்லும்

திருகோணமலைக்கு வடக்கே, புல்மோட்டைக் கரையில் ஒரு பிடி கறுப்பு மணல் அள்ளினால் கை கனக்கும். அதிலுள்ள இல்மனைட் என்ற தைத்தானியத் தாதின் அடர்த்தி நீரைப்போல் 4.7 மடங்கு, சாதாரண வெள்ளை மணலுக்கு 2.65தான். பாறையை உடைத்து மணியாக்கி, இலேசானதை அடித்துக்கொண்டு போய், கனத்ததைக் கரையில் விட்டுவைத்தது மழையும் ஆறும் கடலும். ஆலைக்கு மிச்ச வேலைதான். நீரோடு ஓடவிட்டுப் பாரமானதை ஒதுக்கவேண்டும், காந்தத்தால் இல்மனைட்டை இழுக்கவேண்டும், உயர் மின்னழுத்தத்தில் ரூட்டைல், சிர்கோன் என்ற மற்ற இரண்டு கனியங்களையும் பிரிக்கவேண்டும்.

சிறுகோள்களிலும் இப்படிக் கனியம் எடுக்கலாம் என்கிறார்கள். ஆனால் சிறுகோளில் கடலும் இல்லை, சொல்லும்படியான ஈர்ப்பும் இல்லை. அங்கே காந்தமும் மின்னும்தான் மிஞ்சும். அதுவும் கல்லை அரைத்து மணிமணியாக்கிய பிறகு.

முதலில் அள்ளவேண்டுமே! ஏறத்தாழ 490 மீற்றர் அகலமான பென்னு என்ற சிறுகோளில் நொடிக்கு 20 சென்ரிமீற்றர் வேகம் கிடைத்தாலே போதும், திரும்பி விழமாட்டோம். மண்வெட்டியால் ஒரு கொத்துப் போட்டால் கொத்தியவரே கிளம்பிவிடுவார். அதனால் நாசாவின் ஒசைரிஸ்-ரெக்ஸ் விண்கலம் 2020 ஒக்டோபர் 20 அன்று இறங்கி நிற்கவில்லை. கையால் தொட்டு, நைதரசன் வாயுவைப் பீச்சி, கிளம்பிய தூளைப் பிடித்தது. தரை தாங்கும் என்று பார்த்தால், கை அரை மீற்றரளவு புதைந்துபோனது. கல் செருகிச் சேகரிப்பானின் மடல் மூடாமல், பிடித்ததில் கொஞ்சம் சிந்தியது. பூமிக்கு வந்த பிறகும் சேகரிப்பானின் 35 பூட்டாணிகளில் இரண்டு கழலவில்லை. புதுக் கருவி செய்து 2024 ஜனவரியில்தான் கழற்றினார்கள். மொத்தம் 121.6 கிராம். செலவோ நூறு கோடி டொலருக்கு மேல்.

சிறுகோளிலிருந்து பிளாட்டினம் அள்ளிவரும் கனவை நான் பெரிதாக எடுப்பதில்லை. வளமான இரும்புச் சிறுகோளிலும் தொன்னுக்குக் கிராம் கணக்கில்தான் இருக்கும், அதுவும் இரும்போடு கலந்து. உருப்படியான சரக்கு தண்ணீர். பூமியிலிருந்து ஏற்றத்தான் செலவு, அங்கேயே கிடைத்தால், மின்சாரத்தால் ஐதரசனாகவும் ஒட்சிசனாகவும் பிரித்து (மின்பகுத்து) ரொக்கெட்டுக்கு எரிபொருளாக்கலாம். பென்னு போன்ற கரிமச் சிறுகோள்களின் களிமண் கனியங்களில் நீர் பிணைந்திருக்கிறது. மூடிய பைக்குள் சில நூறு பாகை வரை சூடாக்கி, ஆவியைக் குளிர்ந்த பரப்பில் படியவிடலாம். கூடவே கந்தகச் சேர்மங்களும் வரும். வடிக்காமல் மின்பகுத்தால் மின்வாய்கள் கெடும்.

சுத்தமான நீரிலும் ஒரு தொல்லை. ஐதரசன், ஒட்சிசன் குமிழிகள் மேலே எழாது. எது மேல் என்றே அங்கே இல்லையே. மின்வாயிலேயே ஒட்டிக்கிடந்து மின்னோட்டத்தை மறிக்கும். மின்பகுப்புக் கலத்தைச் சுழற்றிச் செயற்கைப் பாரம் உண்டாக்கினால் விலகும், ஆனால் சுழலும் உறுப்பென்றால் தாங்கியும் கசிவடைப்பும் தேயும், மாற்ற ஆளில்லை.