நனைந்த பாஸ்புக்குகள்

2015 டிசம்பரில் சைதாப்பேட்டையில் ஒரு வங்கிக் கிளையின் கவுண்டரில் இருந்தேன். ஒன்றாம் தேதி இரவு செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி வரை தண்ணீர் திறந்தார்கள். மழையும் ஓயவில்லை. அடையாற்றங்கரை வீடுகள் கூரை வரை மூழ்கின.

வங்கி திறந்ததும் வந்தவர்கள் கையில் நனைந்த பாஸ்புக்குகள். ஒட்டிக்கொண்ட தாள்களைப் பிரித்து மின்விசிறிக்கடியில் காயவைத்தோம். கணக்கு கணினியில் பத்திரமாக இருந்தது. புதுப் புத்தகம் அச்சிட்டுத் தர ஐந்து நிமிடம் போதும். அதைச் சொன்னால் மக்கள் நிம்மதி அடைவார்கள் என்று நினைத்தேன். பலருக்கு அது போதவில்லை.

இட்லிக் கடை வைத்திருந்த ஓர் அம்மா புதுப் புத்தகத்தை வாங்கி முதல் பக்கத்தைப் பார்த்துவிட்டு நகராமல் நின்றார். கணவர் இறந்து இரண்டு வருடம். கூட்டுக் கணக்கு; பழைய புத்தகத்தில் இருவர் படமும் ஒட்டியிருந்தது. தண்ணீரில் அவர் முகம் கரைந்து வெறும் நீலக் கறையாகிவிட்டது. வீட்டுச் சுவரில் மாட்டியிருந்த படமும் ஆற்றோடு போய்விட்டது.

"சார், அவர் முகம் வேறு எங்கும் இல்லை" என்றார்.

எங்கள் கிளை மாடியில் இருந்ததால் கோப்புகள் தப்பின. மேலாளரிடம் கேட்டு, கணக்குத் தொடங்கிய விண்ணப்பத்தைத் தேடி எடுத்தேன். அரை மணி நேரம் ஆனது. வரிசையில் நின்ற ஒருவர்கூட முணுமுணுக்கவில்லை. விண்ணப்பத்தில் இருந்தவருக்கு மீசை கறுப்பு, சட்டைக் காலர் கசங்கியிருந்தது. எதிர்க்கடையில் அந்தப் படத்தைப் பெரிதாக்கி எடுத்துவந்து கொடுத்தேன். இறப்புச் சான்றிதழ் கொண்டுவந்தால் அவர் பெயரை நீக்க வேண்டும் என்று விதி. அன்று அதை என்னால் சொல்ல முடியவில்லை. இன்றும் அது தவறென்று எனக்குத் தோன்றவில்லை.

பிறகு ஆற்றங்கரைக் குடும்பங்கள் பலவற்றைப் பெரும்பாக்கத்து அடுக்குமாடிகளுக்கு அனுப்பினார்கள். அந்த அம்மாவும் போனார். காலையில் இட்லி வாங்கிய ஆட்டோக்காரர்களும் கட்டடத் தொழிலாளர்களும் சைதாப்பேட்டையிலேயே இருந்தார்கள், கடை போனது. பள்ளிக்கூடத்தில் கூட்டிப் பெருக்கும் வேலை கிடைத்ததாகச் சொன்னார். வெள்ளக் கணக்கெடுப்பில் வீடு, பாத்திரம், துணிமணி எல்லாம் எழுதினார்கள். பதினைந்து வருடம் வாடிக்கையாக வந்தவர்களை எந்தக் கட்டத்தில் எழுதுவது?

மாதம் ஒருமுறை இரண்டு பஸ் மாறி எங்கள் கிளைக்கே பணம் போட வந்தார். பக்கத்துக் கிளையிலேயே போடலாம் என்று எடுத்துச் சொன்னேன்.

"தெரியும் சார். இங்கே வந்தால் நாலு பேர் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள்" என்றார்.